பரணிலிருந்து இறங்கிய ஸ்லைடு பெட்டி: டிஜிட்டலாக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பெரியப்பா மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அழகர்மலைக்கும் சிறுமலைக்கும் போவார். அங்கே எடுத்த செடிகொடிப் படங்களை வகுப்பில் புரொஜெக்டர் போட்டுக் காட்டுவார். அதே கேமராவில், அதே ஸ்லைடு ஃபிலிமில், வீட்டு விசேஷங்களையும் எடுத்து வைத்திருக்கிறார். அவர் காலமான பிறகு பரணில் இருந்த தகரப்பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே 21 சின்னப் பெட்டிகள், மொத்தம் 740 ஸ்லைடுகள். ஒவ்வொன்றும் அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மாட்டிய ஒரு சின்ன ஃபிலிம் துண்டு.

நான் செய்த முதல் காரியமே தவறு. ஆர்வத்தில் எல்லாவற்றையும் பாயில் கொட்டி, கல்யாணம் ஒரு குவியல், கோயில் ஒரு குவியல், செடி ஒரு குவியல் என்று பிரித்துவிட்டேன். எந்தப் படம் எந்த ரோலில் எதற்கு அடுத்து வந்தது என்ற தகவல் அந்தப் பத்து நிமிடத்தில் போயிற்று. ஒரு காதுகுத்துப் படத்தில் குழந்தையின் முகம் முழுக்க அழுகையாக இருக்கிறது. யார் வீட்டுக் குழந்தை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கு முந்தின ஸ்லைடில் அது எந்தத் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தால் போதும், ஒரு நொடியில் சொல்லிவிடலாம். சட்டத்தில் அச்சான எண்களை வைத்துப் பாதி வரிசையை மீட்கவே மூன்று வாரம் பிடித்தது. மீதி மீளவில்லை. அதனால் ஸ்கேனர், கேமரா எல்லாம் அப்புறம். முதலில் வரிசையைக் கலைக்காதீர்கள்.

எண் போடுவது

பெட்டியைத் திறந்ததும் ஸ்லைடை வெளியே எடுக்காமல் அப்படியே செல்போனில் ஒரு படம் எடுங்கள். பெட்டி மூடியில் எழுதியிருப்பது, உள்ளே செருகிய துண்டுச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து. பிறகு பெட்டிக்கு ஒரு எண், அதற்குள் இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு எண். ஏழாம் பெட்டியில் பன்னிரண்டாவது என்றால் 07-012. கம்ப்யூட்டரில் ஃபைலுக்கும் இதே பெயர்தான், வேறு ஒன்றும் வேண்டாம். கல்யாணம், கோயில் என்றெல்லாம் ஃபைல் பெயரில் எழுத ஆரம்பித்தால் நூறாவது படத்தில் குழம்பிவிடும். அட்டைச் சட்டமாக இருந்தால் எண்ணை மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். பிளாஸ்டிக் சட்டத்தில் பென்சில் நிற்காது. அதற்கு மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கர். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் ஃபிலிமில் பதியக்கூடும், வேண்டாம்.

சட்டத்தையும் படம் எடுத்து வைப்பது நல்லது. ஸ்லைடின் பாதி விஷயம் சட்டத்தில்தான் இருக்கிறது. கோடாக் அட்டைச் சட்டங்கள் பலவற்றில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது ஃபிலிமைக் கழுவிய தேதி, படம் எடுத்த தேதி அல்ல. அந்தக் காலத்தில் ஒரு ரோல் ஃபிலிமை ஆறு மாதம் கேமராவிலேயே வைத்துச் சிக்கனமாக எடுத்தவர்கள் நிறையப் பேர். ஆகஸ்ட் என்று முத்திரை இருக்கிற பெட்டியில் தைப்பொங்கல் படம் இருந்தால் திகைக்க வேண்டாம்.

எது முன்பக்கம்?

ஸ்லைடு என்பது நெகட்டிவ் அல்ல. படம் நேரடியாகச் சரியான நிறத்திலேயே ஃபிலிமில் இருக்கும். வழக்கமான 35 மி.மீ. ஸ்லைடில் படத்தின் அளவு 36-க்கு 24 மி.மீ.; சட்டம் இரண்டு அங்குலச் சதுரம். ஃபிலிமின் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், மறுபக்கம் மங்கலாக. மங்கலான பக்கத்தில்தான் எமல்ஷன் என்கிற படப்பூச்சு இருக்கிறது. பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் படம் நேராகத் தெரியும், மங்கலான பக்கத்திலிருந்து பார்த்தால் இடவலம் மாறும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கடைப் பலகையோ பஸ் போர்டோ படத்தில் இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் சேலையைப் பாருங்கள்: நம் பக்கத்துப் பெண்களுக்கு முந்தானை இடது தோளில். வலது தோளில் இருந்தால் ஸ்லைடைத் திருப்பிப் பாருங்கள். ஐயர் வீட்டு மடிசாருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது வலது தோளில்தான் போகும்.

காலமும் தூசியும்

மதுரை வெயிலில் கான்கிரீட் கூரையை ஒட்டிய பரண் அடுப்பு மாதிரி. கத்திரி தொடங்குவதற்கு முன்பே பெட்டியை இறக்கி, வீட்டின் நடுவறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். இன்னொரு எதிரி ஐப்பசி கார்த்திகை ஈரம். பூஞ்சை அப்போதுதான் பிடிக்கும். நான் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டேன். காற்று காய்ந்திருக்கும், ஆனால் அதனாலேயே ஃபிலிமில் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். இதற்கு வழி, முதல்நாள் இரவு தரையை ஈரத்துணியால் துடைத்து, விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது. ஆறு மணியிலிருந்து எட்டரை வரை எனக்குக் கணிசமான வேலை நடந்தது. அதற்கு மேல் விசிறி இல்லாமல் உட்கார முடியாது, வியர்வைத் துளி ஸ்லைடில் விழும்.

சுத்தம் செய்ய லென்ஸுக்கு விற்கிற ரப்பர் ஊதுபம்பு ஒன்றும், மிக மென்மையான பிரஷ் ஒன்றும் போதும். இரண்டு பக்கமும் ஊதுங்கள், தேவைப்பட்டால் பிரஷால் மெல்ல ஒரு இழுப்பு. வாயால் ஊதவே கூடாது. எச்சில் துளி எமல்ஷனில் பட்டால் அந்தப் புள்ளி போகாது. ஸ்லைடைச் சட்டத்தின் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

பூஞ்சை பிடித்த ஸ்லைடைத் தண்ணீரால் துடைக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். எமல்ஷன் என்பது ஜெலட்டின். பூஞ்சை அதைத் தின்று தின்று கரையும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். ஈரத்துணியால் ஒருமுறை இழுத்தால் முகத்தோடு சேர்ந்து வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பெரும்பாலும் 70 சதவீதம்; மீதி 30 தண்ணீர்தான், அதுவும் ஆகாது. ஆய்வுக்கூட ரசாயனங்கள் விற்கும் கடையில் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். பஞ்சு முனையில் லேசாகத் தொட்டு, முதலில் முக்கியமில்லாத ஒரு ஸ்லைடின் பளபளப்பான பக்கத்தில் செய்து பாருங்கள். பூஞ்சை ஏற்கெனவே அரித்த தடம் எதற்கும் போகாது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அப்படிப்பட்ட ஸ்லைடுகளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப்பெட்டியில் வையுங்கள், வேலை செய்யும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்த ஸ்லைடுகளும் சில வீடுகளில் இருக்கும். கண்ணாடியும் ஃபிலிமும் உரசுகிற இடத்தில் வானவில் வளையங்கள் தெரியும். ஸ்கேனில் அது அப்படியே விழும். பொறுமையும் நல்ல கையும் இருந்தால் பிரித்து, புதுப் பிளாஸ்டிக் சட்டத்தில் போடலாம். விரிசல் விட்டிருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

எதில் எடுப்பது?

சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிற சின்ன ஸ்லைடு கன்வர்ட்டர்களை வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு சாதாரண சென்சார். வெள்ளை வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகவும், மண்டபத்து நிழல் வெறும் கறுப்பாகவும் வரும். சுவரில் புரொஜெக்டர் போட்டு செல்போனில் பிடிப்பதும் அப்படித்தான். அதோடு பழைய புரொஜெக்டர் விளக்கின் சூடும் ஒளியும் நிறத்தை வெளுக்க வைக்கும்.

நல்ல வழிகள் மூன்று. ஒன்று, மூடியில் ஃபிலிமுக்கான விளக்கு உள்ள ஃபிளாட்பெட் ஸ்கேனர். எப்சன் வி600-இல் ஒரே நேரத்தில் 4 ஸ்லைடு, வி850-இல் 12 ஸ்லைடு வைக்கலாம். ஆபீசில் இருக்கிற சாதாரண ஸ்கேனரில் இது நடக்காது, ஒளி ஸ்லைடுக்கு மேலிருந்து ஊடுருவி வர வேண்டும். இரண்டு, பிளஸ்டெக் மாதிரி ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர். படம் கூர்மையாக வரும், ஆனால் ஒவ்வொன்றாகக் கையால் தள்ள வேண்டும். மூன்று, மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக அருகில் வைத்துப் பெரிதாக எடுக்கிற லென்ஸ்) போட்ட டிஜிட்டல் கேமரா. வீட்டிலோ சொந்தத்திலோ யாரிடமாவது கேமரா இருந்தால் மேக்ரோ லென்ஸை மட்டும் வாடகைக்கு எடுத்து மூன்றாம் வழியில் போங்கள் என்பேன். ஏற்பாடு ஒருமுறை அமைந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் அறுபது, எழுபது ஸ்லைடு முடியும். ஃபிளாட்பெட்டில் எனக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்தைத் தாண்டவில்லை.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 4000 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 4000 புள்ளி, வைத்தால் ஒரு ஸ்லைடு சுமார் 5670-க்கு 3780 புள்ளிகளாக வரும், அதாவது இரண்டு கோடிப் புள்ளிக்குச் சற்று மேல். ஸ்லைடில் உள்ள விவரத்துக்கு இது தாராளம். ஸ்கேனர் பெட்டியில் அச்சடித்திருக்கிற 6400, 7200 என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற உண்மைத் தெளிவு அதில் பாதிகூட வருவதில்லை, ஃபைல் மட்டும் பெருக்கும்.

கேமரா ஏற்பாடு

தேவையானவை: டிரைபாட் அல்லது காப்பி ஸ்டாண்ட், எல்இடி லைட் பேட் (சீராக ஒளிர்கிற தட்டையான பலகை), கறுப்பு சார்ட் பேப்பர், முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி. லைட் பேட் வாங்கும்போது சிஆர்ஐ 95-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நிறங்களை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. பழைய கிளினிக்கில் கிடைத்த எக்ஸ்ரே பார்க்கும் பெட்டியை முதலில் போட்டுப் பார்த்தேன், முகங்கள் பச்சையடித்தன.

ஸ்லைடை நேரே பேடின் மேல் வைக்காமல் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள். நான் தீப்பெட்டிகளை அடுக்கி அதன் மேல் சட்டம் உட்காரும்படி செய்தேன். அப்போதுதான் பேடில் இருக்கிற தூசியும் புள்ளிகளும் படத்தில் விழாது. ஸ்லைடைச் சுற்றி மிச்சமுள்ள வெளிச்சத்தைக் கறுப்பு சார்ட்டில் ஓட்டை வெட்டி மறையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

கேமராவும் ஸ்லைடும் துல்லியமாக ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் வரும். மட்டப்பலகையைவிட நம்பகமான வழி கண்ணாடி. ஸ்லைடு வைக்கிற இடத்தில் அந்தச் சின்னக் கண்ணாடியைப் படுக்க வையுங்கள், கேமராத் திரையில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த வட்டம் திரையின் நட்ட நடுவில் வரும்வரை டிரைபாட் தலையை அசையுங்கள். நடுவில் வந்துவிட்டால் இரண்டும் இணையாகிவிட்டன. ஸ்லைடை வைத்தால் மூலைக்கு மூலை தெளிவாக இருக்கும். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் அமைப்புகள்: ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8, ஃபைல் ரா வடிவத்தில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைப்பது), 2 நொடி டைமர். ஸ்லைடு இல்லாமல் வெறும் பேடைப் பார்த்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே வரச் செய்கிற அமைப்பை, ஒருமுறை வைத்துவிட்டு மாற்றாதீர்கள். ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கி, படத்தில் தெரிகிற துகள்களின் மேல் கையால் வையுங்கள். எக்ஸ்போஷர் கூடி, வெளிச்சமான இடங்கள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை உச்சி வெயிலில் எடுத்த படம் என்றால் வேட்டி மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மடிப்பு போய்விட்டால் ஒரு படி குறைத்து மறுபடி எடுங்கள். கோயில் மண்டபத்துக்குள் எடுத்த இருட்டுப் படங்களுக்கு வெளிச்சம் கூட்டி இன்னொன்றும் எடுத்து வைக்கலாம்.

எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா? நேரம் இல்லாதவர்கள் தாஜ்மகாலை விட்டுவிடலாம், அதே கோணத்தில் ஆயிரம் படம் இருக்கிறது. ஆனால் மதுரை ஸ்டேஷன் வாசலில் நிற்கிற குதிரைவண்டியை விடாதீர்கள். கோயில் படமே என்றாலும் பின்னால் தெரிகிற வளையல் கடையை, தெருவோரத்துப் பூக்காரியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிறம்

எல்லா ஸ்லைடும் ஒரே மாதிரி மங்குவதில்லை. கோடாக் 1935-இல் கொண்டுவந்த கோடாக்ரோம் ஃபிலிம், இருட்டில் இருந்தவரை அறுபது ஆண்டுக்குப் பிறகும் பளிச்சென்று இருக்கும். அதன் தயாரிப்பு 2009-இல் நின்றது, கழுவித் தந்துகொண்டிருந்த கடைசிக் கூடமும் 2010 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. பழைய எக்டாக்ரோம், கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ போன்றவற்றில் பல இன்று செக்கச்செவேலென்று இருக்கும். படம் மூன்று சாயங்களால் ஆனது. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப் போவதால் சிவப்பு மட்டும் தூக்கலாக நிற்கிறது. இப்படிச் சிவந்த ஸ்லைடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பெரும்பாலும் மீட்கலாம்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். இன்ஃப்ராரெட் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்குகிற வசதி சாதாரண வண்ண ஸ்லைடுகளில் அருமையாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் உள்ள வெள்ளி அந்தக் கதிரை மறைத்துவிடும்; கோடாக்ரோமிலும் பெரும்பாலும் தடுமாறி, மூக்குத்தியையும் மீசையையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். அவற்றுக்கு அந்த வசதியை அணைத்துவிடுங்கள். வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் மென்பொருள்களில் கோடாக்ரோமுக்குத் தனி அமைப்பு உண்டு. அதைப் போடாவிட்டால் படம் நீலமடிக்கும்.

திருத்தாத முதல் ஃபைலைத் தனி ஃபோல்டரில் வைத்து அதைத் தொடவே தொடாதீர்கள். நிறம் சரிசெய்வதெல்லாம் நகலில். கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் லெவல்ஸையும் (எது கறுப்பு, எது வெள்ளை என்று வைக்கிற அளவு) தனித்தனியே இழுத்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும். பிறகு படத்தில் வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை மென்பொருளுக்கு இதுதான் வெள்ளை என்று காட்டுங்கள். கோயில் மதிலின் காவிப் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற வெள்ளைப் பட்டை இதற்கு நன்றாக உதவுகிறது.

எங்களிடம் அழகர் ஆற்றில் இறங்குகிற படம் ஒன்று இருக்கிறது. பட்டு என்ன நிறம் என்றே தெரியாதபடி பழுப்பேறியிருந்தது. அத்தைக்கு 84 வயது. படத்தைக் காட்டியதும், "பச்சப் பட்டுப்பா. அந்த வருசம் மழை பேஞ்சு கம்மாயெல்லாம் மறுகால் போச்சு" என்றார். நான் பட்டைத் தொடவில்லை. கூட்டத்தில் ஒருவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை மட்டும் வைத்து மொத்தப் படத்தையும் சமன் செய்தேன். பழுப்புக்குள்ளிருந்து பச்சை மெல்ல மேலே வந்தது. சொன்னதை நம்பிப் பட்டுக்குப் பச்சை பூசியிருந்தால் அது என் படமாகியிருக்கும், பெரியப்பாவின் படமாக இருந்திருக்காது.

பெயர் எழுதுவது

ஸ்கேன் முடியும்வரை இதற்குக் காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு பெட்டி முடிந்ததுமே வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். டிவியில் பெரிதாகப் போட்டு, ஒரு தடவைக்குப் பதினைந்து படத்துக்கு மேல் வேண்டாம், அசந்துவிடுவார்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு படம் வரும்போதும் "ஏழு, பன்னிரண்டு" என்று எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் கேட்கும்போது எந்தப் படத்துக்கு எந்தப் பேச்சு என்று தேட வேண்டியிருக்காது. படங்களை எடுத்த வரிசையிலேயே காட்டுங்கள். ஒன்றில் தெரியாத முகம் அடுத்ததில் யார் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்ததும் பெயர் வந்துவிடும். காதுகுத்துக் குழந்தையின் பெயர் எங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த வரிசை கலைந்ததால்தான்.

எழுதும்போது "பெரியத்தை", "சின்ன மாமா" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்குப் பெரியத்தை, உங்கள் மகளுக்கு யாரோ. முழுப்பெயர், ஊர், குடும்பத்தில் ஒருவரை மையமாக வைத்து அவருக்கு என்ன முறை, மூன்றும் இருக்கட்டும். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் தமிழிலேயே குறிப்பை ஃபைலுக்குள் பதிக்கலாம். கூடவே எக்செல்லில் ஒரு பட்டியலும் வையுங்கள்.

ஆண்டு தெரியாத படங்களுக்குப் பின்புலம் கை கொடுக்கும். அரசாங்கப் பலகையில் தமிழ்நாடு என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்குப் பிந்தியது. மெட்ராஸ் மாநிலத்துக்கு அந்தப் பெயர் அந்த ஆண்டு ஜனவரியில்தான் வந்தது. தமுக்கம் மைதானத்து வாசலில் தமிழன்னை சிலை தெரிந்தால், 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது. வண்டியில் டிஎன் 58, டிஎன் 59 என்று மதுரைப் பதிவெண் இருந்தால் 1989-க்கு முந்தியிருக்க முடியாது. உறுதியில்லாத ஆண்டைச் 'சுமார்' என்று சேர்த்தே எழுதுங்கள்.

பத்திரப்படுத்துவது

ஒரிஜினல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாலிபுரோப்பிலீன் தாள்களில் 20 ஸ்லைடு வீதம் செருகி வைக்கலாம். பிவிசி தாள் ஆகாது, நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையும் கற்பூரமும் பக்கத்தில் வேண்டாம். திறந்ததும் புளித்த காடி வாடை வருகிற பெட்டி இருந்தால் ஃபிலிமின் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை உடனே தனியே வைத்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஃபைல்கள் மூன்று பிரதி: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கிற சொந்தத்திடமோ கிளவுடிலோ ஒன்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பிரதி என்று நினைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். பேஸ்புக்கில் போடுவதற்கு முன் படத்தில் இருக்கிறவர்களை, அல்லது அவர்கள் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கிற வாரத்தில் நான் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ஒவ்வொரு பெட்டியிலும் நாலைந்து படம் திறந்து பார்க்கிறேன். ஸ்லைடு பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலங்களையும் அன்றே மாற்றிவிடுகிறேன், அடுத்து ஐப்பசி மழை வந்துவிடும்.